கால்சட்டைப் பையில் சிக்கிய ஹாமர்

ஹூஸ்டனின் மேற்குப் பகுதியில் நானும் ஒரு நண்பரும் கூட்டாக நடத்தும் பெட்ரோல் நிலையக் கடையை இரவு பதினொன்றரைக்குப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலோடு காருக்கு நடக்க வேண்டிய தூரம் நாற்பது அடிதான். அந்த நாற்பது அடிக்காகத்தான் 2012இல் துப்பாக்கி வாங்க முடிவு செய்தேன். ஊரில் துப்பாக்கி என்றால் வங்கிக் காவலாளியின் தோளில் தொங்கும் இரட்டைக் குழலைத் தவிர வேறொன்றையும் அருகில் பார்த்திராதவன் நான். ஆகவே துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினேன்.

மேசை மீது ஒரே அளவுள்ள மூன்று ரிவால்வர்களை அவர் எடுத்து வைத்தார். மூன்றும் ஐந்து தோட்டா பிடிப்பவை, பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவுக்கானவை, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல் உடையவை, அலுமினியக் கலவைச் சட்டம் (உடற்பகுதி) என்பதால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 அவுன்ஸ், அதாவது 425 கிராம் எடைதான் இருந்தன. முதலாவதில் ஹாமர், அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் பகுதி, பின்னால் வெளியே நீட்டிக்கொண்டு, கட்டைவிரலால் இழுப்பதற்கு ஒரு கொக்கியோடு இருந்தது. இரண்டாவதில் ஹாமர் கண்ணுக்கே தெரியவில்லை. மூன்றாவதில் இரு பக்கமும் உலோக மதில் எழுப்பி, நடுவே ஒரு பிளவின் வழியாக ஹாமரின் நுனி மட்டும் பல்போல் எட்டிப் பார்த்தது.

இந்த மூன்று வடிவங்களும் புதியவை அல்ல. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1950இல் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் வெளி ஹாமர் வடிவத்தையும், 1952இல் தன் நூற்றாண்டை ஒட்டி சென்டென்னியல் என்ற பெயரில் ஹாமர் மறைந்த வடிவத்தையும், 1955இல் பாடிகார்ட் என்ற பெயரில் அந்த இடைப்பட்ட மதில் வடிவத்தையும் கொண்டுவந்தது. ஹாமர் மறைந்த ரிவால்வர் என்ற எண்ணம் அதற்கும் மூத்தது. 1880களிலேயே அந்த நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்றை விற்றிருக்கிறது. வழக்கில் இவற்றை ‘ஹாமர்லெஸ்’ என்கிறார்கள். ஹாமரே இல்லாதது என்று பொருள்படும் இந்தப் பெயர் தவறானது. ஹாமர் உள்ளே இருக்கத்தான் இருக்கிறது, சட்டத்தின் முதுகு அதை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். விசையை (டிரிகரை) இழுத்தால் அது உள்ளுக்குள்ளேயே பின்னால் போய்த் திரும்பி வந்து அடிக்கும். வெளியிலிருந்து கைவிரலால் அதைத் தொட வழியில்லை.

கடைக்காரர் வெளி ஹாமர் உள்ளதைத் தட்டிக் காட்டி, “இதில் இரண்டு வகையிலும் சுடலாம், ஹாமர் மறைந்ததில் ஒரு வகையில்தான் முடியும், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை” என்றார். ஒரே விலையில் இரண்டு வசதி கிடைக்கும்போது ஒன்றை மட்டும் வாங்குகிறவன் மளிகைக் கடைக்காரனாக இருக்க முடியுமா? வெளி ஹாமரையே வாங்கினேன்.

அந்த இரண்டு வகை எவை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மீதி எல்லாம் அதைப் பொறுத்தது. விசையை மட்டும் நீளமாக இழுத்து, அந்த ஒரே இழுப்பில் ஹாமரைப் பின்னுக்குக் கொண்டுபோய் விடுவிப்பது ஒரு வகை. இந்த அளவு ரிவால்வரில் அதற்கு சுமார் 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோ அளவு அழுத்தம் வேண்டும். கட்டைவிரலால் ஹாமரை முதலில் இழுத்து நிறுத்திவிட்டு, பிறகு விசையை லேசாகத் தொட்டு விடுவிப்பது இன்னொரு வகை. இதற்குச் சுமார் 3 பவுண்டு போதும். துப்பாக்கியின் எடையோ ஒரு பவுண்டுகூட இல்லை. தன் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு அழுத்தத்தால் இழுக்கப்படும் பொருள் கையில் ஆடாமல் நிற்பது எளிதல்ல, அதனால் புதிதாகப் பழகுகிறவர் எவரும் ஹாமரை இழுத்து நிறுத்திச் சுடும்போதுதான் குறி சரியாக விழுவதைக் காண்பார்.

நானும் அதைத்தான் கண்டேன். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத் தேர்வே எனக்குத் தவறான பாடத்தைக் கற்பித்தது என்று இப்போது சொல்வேன். டெக்சஸில் அப்போது பத்து மணி நேர வகுப்பு இருந்தது, அதன் முடிவில் 50 தோட்டாக்கள் சுட வேண்டும்: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண், தேர்ச்சிக்கு 175. 15 கெஜத்துக்கு வந்தபோது நான் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஹாமரை நிதானமாக இழுத்து நிறுத்திச் சுட்டேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஹாமர் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று வீட்டில் பெருமையடித்துக் கொண்டதும் நினைவிருக்கிறது. கடை வாசலிலிருந்து கார் வரையுள்ள நாற்பது அடி என்பது 15 கெஜத்தைக்கூட எட்டாது என்பதும், அந்தத் தூரத்தில் எனக்கு ஆபத்து வந்தால் அது கைக்கெட்டும் தொலைவில்தான் வரும் என்பதும் அன்று என் மண்டையில் ஏறவில்லை.

முதல் சிக்கல் சில வாரங்களில் வீட்டிலேயே வந்தது. நான் துப்பாக்கியைக் கால்சட்டையின் வலது முன்பையில், மெல்லிய உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இரவில் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, காலி என்பதை இருமுறை பார்த்துவிட்டு, கண்ணாடி முன் நின்று உருவிப் பழகுவேன். மெதுவாக உருவும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் வேகமாக உருவிப் பார்க்கலாம் என்று கையை இழுத்தபோது, துப்பாக்கி பாதி வழியில் நின்றுவிட்டது. பையின் மேல்விளிம்பில் மடித்துத் தைத்த இடத்தில் ஹாமரின் கொக்கி மாட்டியிருந்தது. இன்னும் பலமாக இழுத்தேன், பை உள்பக்கம் வெளியாகப் புரண்டு வந்தது, துப்பாக்கியோடு. வாசலில் நின்ற மனைவி, “என்னங்க, துணியையும் சேர்த்தா உருவுறீங்க?” என்று கேட்டார். கொக்கியின் சொரசொரப்பான பல்லில் பைத்துணியின் வெள்ளை நூல் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஊசி முனையால்தான் அதை எடுக்க முடிந்தது.

இதற்குப் பழைய காவலர்கள் ஒரு வழி சொல்வார்கள்: உருவும்போது கட்டைவிரலைக் கொக்கியின் மேல் வைத்து மூடிக்கொண்டால் அது எதிலும் மாட்டாது. உண்மைதான், நானும் அதைப் பல மாதங்கள் பழகினேன். ஆனால் கட்டைவிரல் மேலே இருக்கும்வரை கைப்பிடியைச் சுற்றி முழுப் பிடி கிடைப்பதில்லை. பையைவிட்டு வெளியே வந்தபின் விரலை இறக்கிப் பிடியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஒரு சிறு மாற்றம் அமைதியான அறையில் ஒன்றுமில்லை, பதற்றத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. கோல்ட் துப்பாக்கி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஜெரால்ட் என்பவர் நூறாண்டுக்கு முன்பே இந்தக் கொக்கியை அறுத்தெறிந்த ரிவால்வர்களைச் செய்து கொடுத்திருக்கிறார் என்று பின்னர் படித்தபோது, நூல் சுற்றிய என் கொக்கிதான் நினைவுக்கு வந்தது. (அவர் விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தின் முன்பகுதியையும் வெட்டிவிடுவார். அதை இன்று யாரும் செய்யக் கூடாது.)

ஆனாலும் நான் மாறியது அதனால் அல்ல. அடுத்த ஆகஸ்டில், சுடுதளத்தில், சட்டை முதுகோடு ஒட்டும் வெயிலில் நடந்தது வேறொன்று. ஐந்தாவது தோட்டாவுக்கு ஹாமரை இழுத்து நிறுத்தி, விசையின் மேல் விரல் வைத்திருந்த நொடியில், பக்கத்துத் தடத்தில் ஏதோ கோளாறு என்று எல்லோரையும் நிறுத்தச் சொல்லிக் குரல் வந்தது. மற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளை மேசை மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். என் கையிலோ, மூன்று பவுண்டு தொட்டால் வெடிக்கும் நிலையில் ஒரு ரிவால்வர். அதைக் கீழே வைக்க முடியாது, சுடவும் முடியாது. சிலிண்டரைத் திறக்கலாம் என்றால், ஹாமர் பின்னால் நிற்கும்போது அது திறக்காது. ஒரே வழி, வெடிக்கக்கூடிய தோட்டாவின் மேல் ஹாமரைக் கையாலேயே மெல்ல இறக்குவதுதான். கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. பயிற்சியாளர் என் பின்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார்: குழல் இலக்கின் பக்கமே இருக்கட்டும், இடக் கட்டைவிரலை ஹாமருக்கும் சட்டத்துக்கும் நடுவே வை, வலக் கட்டைவிரலால் கொக்கியை இறுகப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்து, ஹாமர் நகரத் தொடங்கியதுமே விசையிலிருந்து விரலை எடுத்துவிடு, அப்போதுதான் உள்ளே இருக்கும் தடுப்பு மீண்டும் தன் இடத்துக்கு வரும், பிறகு இடக் கட்டைவிரலை உருவிக்கொண்டு மெல்ல இறக்கு. செய்தேன். இடக் கட்டைவிரலில் ஹாமர் பதிந்த தடம் மாலைவரை இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற ஷெரிஃப் துறைக் காவலர், ரிவால்வர் காலத்து மனிதர். அன்று மதியம் நிழலில் உட்கார்ந்து கேட்டார்: காகிதத்துக்கு முன்னால் நின்றபோதே உன் கை இப்படி இருந்தால், எதிரில் ஒரு மனிதன் நின்று, அவன் திடீரென்று கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினால், இழுத்து நிறுத்திய ஹாமரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் போன்ற பெரிய காவல்துறைகள் தங்கள் ரிவால்வர்களில் ஹாமரை இழுத்து நிறுத்தும் வசதியையே நீக்கியதற்கு இதுதான் காரணம் என்றார். 1982 டிசம்பரில் மயாமியில் ஒரு காவலர் ஓர் இளைஞரைச் சுட்டுக் கொன்ற வழக்கையும் சொன்னார். காவலர் ஹாமரை இழுத்து நிறுத்தியிருந்ததால் துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்பதே அரசுத் தரப்பின் வாதம். 1984இல் நடுவர் குழு அவரை விடுவித்துவிட்டது என்றாலும், ஹாமரின் நிலையை வைத்தே ஒருவர் மீது குற்றத்தைக் கட்டமைக்க முடியும் என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது. ஹாமரை இழுக்கவே முடியாத துப்பாக்கி வைத்திருப்பவரிடம் அந்தக் கேள்வியே எழாது. தற்காப்பில் சுட்டதாகச் சொல்லும் ஒருவர் நீதிமன்றத்தில் ‘தெரியாமல் வெடித்தது’ என்ற பேச்சுக்கு இடம் கொடுப்பது தன் கழுத்தில் தானே கயிறு மாட்டிக்கொள்வதாகும்.

அவர் தம்முடைய உள் ஹாமர் ரிவால்வரை எனக்கு இரண்டு வாரம் சுடுதளத்தில் பழகக் கொடுத்தார். முதல் நாள் எனக்குக் கிடைத்தது அவமானம்தான். 7 கெஜத்தில் ஐந்து தோட்டாவில் இரண்டு காகிதத்தின் இடக் கீழ்மூலையில் விழுந்தன, ஒன்றைக் காணவே இல்லை. இதுவரை நான் சுடக் கற்றிருக்கவில்லை, ஹாமரை இழுக்க மட்டுமே கற்றிருந்தேன் என்பது தெரிந்தது. நீளமான விசையை எப்படி இழுப்பது என்பதை அவர் எவ்வளவோ சொல்லியும் புரியாமல் இருந்து, எங்கள் வீட்டுக் கிணற்றை நினைத்தபோது புரிந்தது. வாளிக் கயிற்றை இடையில் நிறுத்தி நிறுத்தி இழுத்தால் வாளி ஆடித் தண்ணீர் சிந்தும். ஒரே சீராக இழுத்தால் தளும்பாமல் மேலே வரும். விசையும் அப்படித்தான், பாதியில் நிறுத்திக் குறிபார்த்துவிட்டு மீதியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இரவுதோறும் போலித் தோட்டாக்களைப் போட்டு, குழலின் முன்குறி மேல் ஒரு கால் டாலர் நாணயத்தை வைத்து, அது விழாமல் ஐம்பது முறை இழுத்தேன். முதல் வாரம் நாணயம் தரையில் உருளும் சத்தத்துக்கு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. மூன்று மாதத்தில் 7 கெஜத்தில் ஐந்து தோட்டாவும் ஒரு சிறிய தட்டுக்குள் அடங்கின. அதன்பிறகுதான் எனக்கென்று ஓர் உள் ஹாமர் ரிவால்வர் வாங்கினேன்.

இதனால் கிடைத்த இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. ஹாமர் மூடப்பட்டிருப்பதால் துப்பாக்கியின் முதுகு உயரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கிறது, கையை மிக மேலே ஏற்றிப் பிடிக்கலாம். 425 கிராம் துப்பாக்கியில் உதைப்பு சாதாரணமானதல்ல, கூடுதல் அழுத்தத் தோட்டாக்களைப் போட்டால் இருபதாவது தோட்டாவில் உள்ளங்கை வேண்டாம் என்று கெஞ்சும். குழலின் அச்சுக்கு அருகில் கை இருந்தால் முனை எகிறுவது குறைகிறது. வெளி ஹாமரில் அப்படி மேலே பிடித்தால் கொக்கி பின்னால் வரும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடிக்கும். குளிர்காலத்தில் கோட்டுப் பைக்குள் கையை வைத்தபடியே நடக்கவும், மிக மோசமான நிலையில் பைக்குள்ளிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடவும் முடிவது உள் ஹாமரில்தான். வெளி ஹாமருக்கும் அதன் அடிக்கும் நடுவே துணி புகுந்துவிட்டால் தோட்டா வெடிக்காது.

இவ்வளவு சொன்னபின், வெளி ஹாமரிடம் இருக்கும் ஒரு பெரிய நன்மையை மறைப்பது நியாயமாகாது. துப்பாக்கியை உருவுவதைவிட உறைக்குள் திரும்ப வைப்பதில்தான் தற்செயல் வெடிப்புகளின் அச்சம் அதிகம். ஒரு குளிர்காலத்தில் இடுப்பு உறையில் என் பழைய ரிவால்வரைத் திரும்ப வைக்கும்போது, மழைக்கோட்டின் அடியில் தொங்கிய சுருக்குக் கயிற்றின் முடிச்சு விசைக்காப்பு வளையத்துக்குள் புகுந்துவிட்டது. என் கட்டைவிரல் ஹாமரின் மேல் இருந்ததால், அது பின்னால் எழும்பத் தொடங்கியதை விரலே உணர்ந்தது, அப்படியே நிறுத்தினேன். உள் ஹாமராக இருந்திருந்தால் அந்த எச்சரிக்கை எனக்குக் கிடைத்திருக்காது. ஆகவே உள் ஹாமர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: பைக்குள் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைத் திணிக்காமல், உறையை முதலில் வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துத் துப்பாக்கியை அதில் பொருத்தி, இரண்டையும் சேர்த்துப் பைக்குள் வைக்க வேண்டும். அந்தப் பையில் சாவியோ சில்லறையோ கூடாது. தோட்டாவின் பின்பக்கப் பிரைமர் (அடிபட்டதும் பற்றவைக்கும் சிறு மூடி) மேடேறியிருந்தால் சிலிண்டர் சுற்றாமல் இறுகும். வெளி ஹாமரில் அதைச் சற்றே பின்னுக்கு இழுத்துச் சிலிண்டரைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். உள் ஹாமரில் அதற்கு வழியில்லாததால் மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

இடைப்பட்ட மதில் வடிவம் உருவும்போது மாட்டாது, திரும்ப வைக்கும்போது கட்டைவிரலுக்கு எச்சரிக்கையும் தரும். கேட்பதற்கு இதுவே நடுவழி போலத் தோன்றும். ஆனால் அந்தப் பிளவில் பைத்தூசி பஞ்சுபோல் அடையும், அடிக்கடி சுத்தம் செய்யும் பொறுமை உள்ளவருக்கே அது ஏற்றது. கொக்கியை மட்டும் அறுத்துவிடுவதும் நல்ல வழிதான், தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்ய வேண்டும். எடை குறைந்த ஹாமர் பிரைமரைச் சரியாக அடிக்கிறதா என்று குறைந்தது நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

என் மனைவிக்குக் கைமூட்டு வலி உண்டு. 12 பவுண்டு விசை அவருக்கு முடியாது. ‘அப்படியானால் வெளி ஹாமர் வாங்கிக் கொடுங்கள், இழுத்து நிறுத்திச் சுடட்டும்’ என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. விசையை இழுக்க முடியாத கையில், தொட்டால் வெடிக்கும் துப்பாக்கியைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விசை இழுப்பு மெத்தென்று இருக்கும்படி அமைத்த ரூகர் எல்சிஆர் என்ற ரிவால்வரையும் ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். “எனக்கு வேண்டாங்க, நான் பகல்லயே கணக்கை முடிச்சுட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டார். அது எங்கள் வீட்டில் எடுத்த மிக நல்ல பாதுகாப்பு முடிவு என்றே நினைக்கிறேன்.

நம்மவர்களுக்காக இரண்டு செய்திகள். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் மிகச் சில விலக்குகள் தவிரத் தடை செய்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று கேள்விப்பட்டு, விசாவில் இருக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்து கேட்டார். அந்த மாநிலச் சட்டம் இந்தத் தடையை நீக்காது என்று சொல்லி அனுப்பினேன். இன்னொன்று, சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்லாதீர்கள். ஓரத்தில் ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் அது ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகும்.

சென்ற மாதம் பச்சை அட்டை (கிரீன் கார்டு) கிடைத்த என் மைத்துனர், வெளி ஹாமரா உள் ஹாமரா என்ற இதே கேள்வியோடு வந்தார். நான் என் இரண்டு ரிவால்வர்களையும் காலிசெய்து மேசை மேல் வைத்து, அவர் வேலைக்கு உடுத்தும் கால்சட்டையோடு வரச் சொன்னேன். ஒவ்வொன்றையும் இருபது முறை உருவினார். வெளி ஹாமர் மூன்று முறை மாட்டியது. ஆனால் உள் ஹாமரின் விசையை இழுக்கும்போது நாணயம் இருபது முறையும் விழுந்தது. “மாமா, நான் பையில வைக்கப் போறதில்ல, இடுப்பு உறைதான்” என்றார். அப்படியானால் வெளி ஹாமரே இருக்கட்டும், ஆனால் அதை இழுக்காமலே சுடப் பழகு என்று சொல்லி நாணயத்தை அவரிடமே கொடுத்தனுப்பினேன்.